அமெரிக்காவில் சீன போஜனம்

ஒரு தேசத்து ஜனங்களை அறிந்துகொள்ள வேண்டுமானால் அவர்களுடைய இலக்கியத்தைப் படிக்க வேண்டும் என்பார்கள் அறிஞர்கள். அவர்கள் வீட்டு அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தாலே போதும் என்பது நம்முடைய அபிப்பிராயம். ஆனால் அமெரிக்காவில் வசிக்கும் சீனர்கள் விஷயத்தில் மட்டும் இந்த விதி சற்றுத் தடுமாறுகிறது. அங்கே அவர்கள் கடையில் விற்கும் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்த்தால் சீனர்களைப்பற்றி ஒன்றும் தெரியாது, அமெரிக்கர்களைப்பற்றித்தான் தெரியும். சீனர்களைப்பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், அந்தச் சாப்பாடு ஏன் அப்படி ஆயிற்று என்று விசாரிக்க வேண்டும்.

கோடை விடுமுறை ஒன்றில் நாம் அமெரிக்கா சென்றிருந்தோம். நம்முடைய தமையனாரின் குமாரன் நியூயார்க்குக்கு அடுத்த நியூ ஜெர்ஸியில் உத்தியோகம் பார்க்கிறான். அவன் வீட்டுத் தெருக்கோடியில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடை இருந்தது. உட்கார்ந்து சாப்பிடும் கடை அல்ல. வாங்கிக்கொண்டு போகும் கடை. நீளமான ஒரு மேஜை. அதற்குப் பின்னால் சமையலறை. தலைக்குமேல் விளக்குப் போட்ட படங்களில் பதார்த்தங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். ஜனங்கள் டெலிபோனில் நம்பரைச் சொல்லுகிறார்கள்; கால் மணி நேரத்தில் வந்து வாங்கிப் போகிறார்கள். மேஜையின் ஓரத்தில் கடைக்காரருடைய பெண் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பத்துப் பன்னிரண்டு வயது இருக்கலாம். டெலிபோன் மணி அடிக்கும்போதெல்லாம் பென்ஸிலைக் கீழே வைத்துவிட்டு, சுத்தமான அமெரிக்க இங்கிலீஷில் பதில் சொன்னாள். தகப்பனாருக்கு வராத பாஷை அது. பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவர் கண்ணில் பதார்த்தங்களைவிட இதுதான் முதலில் பட்டதென்றால் நேயர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

இப்படிப்பட்ட கடை அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லாச் சிற்றூர்களிலும் உண்டு. 2008-ம் வருஷத்தில் வெளியான ஒரு புத்தகத்தில் ஜெனிபர் லீ என்னும் பத்திரிகையாளர், அந்த தேசத்தில் சீனச் சாப்பாட்டுக் கடைகள் சுமார் 40,000 இருப்பதாகக் கணக்கிட்டார். மக்டொனால்ட்ஸ், பர்கர் கிங், கே.எப்.ஸி. ஆகிய மூன்று பிரசித்தமான கம்பெனிகளின் கடைகளைக் கூட்டினாலும் அவ்வளவு வராதாம்!

சாப்பாட்டைக் கட்டிக் கொடுக்கும் வெள்ளைக் காகிதப் பெட்டியைப் பார்த்தோம். மெல்லிய கம்பிக் கைப்பிடியும், பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பகோடா கோபுரமும் இருந்தன. இதைவிடச் சீனமான சாமான் உலகில் இருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் இந்தப் பெட்டிக்கு 1894-ல் சிகாகோவில் வில்காக்ஸ் என்ற அமெரிக்கர் உரிமைச் சாஸனம் பெற்றார். சிப்பி இறைச்சியை ஒழுகாமல் எடுத்துப் போவதற்காக ஏற்பட்ட பெட்டி அது. சாப்பாட்டு முடிவில் இனாமாகக் கொடுக்கும் 'அதிர்ஷ்ட பிஸ்கட்'டின் கதை இன்னும் வேடிக்கை. உடைத்தால் உள்ளே ஒரு துண்டுக் காகிதத்தில் ஜோசியம் இருக்கும். சீனாவில் இதைக் கண்டவர் இல்லை; இதன் மூலம் ஜப்பானில் கியோட்டோ பிரதேசத்துக் கோயில்களை அடுத்த பலகாரக் கடைகள். கலிபோர்னியாவில் ஜப்பானியர்கள் இதைச் செய்து விற்று வந்தார்கள். 1942-ல் யுத்தத்தின் காரணமாக அமெரிக்க சர்க்கார் ஜப்பானியரைக் குடும்பம் குடும்பமாக முகாம்களில் அடைத்தபோது, இந்த வியாபாரம் சீனர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 2005-ல் ஒரு லாட்டரிச் சீட்டில் 110 பேருக்கு ஒரே சமயத்தில் இரண்டாம் பரிசு விழுந்தது. சூதோ என்று அதிகாரிகள் பதறிப்போய் விசாரித்தார்கள். பார்த்தால், எல்லோரும் இந்த பிஸ்கட்டுக் காகிதத்தில் அச்சாகியிருந்த எண்களை நம்பிப் பணம் கட்டியவர்கள்!

பெட்டியைத் திறந்து சாப்பிட்டோம். மாவில் தோய்த்துப் பொரித்த கோழித் துண்டுகள், சர்க்கரைப் பாகுபோல் பளபளக்கும் குழம்பு, சுற்றிலும் பச்சைப் பசேலென்று பிராக்கோலிப் பூக்கள். வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது. நம்முடைய பிள்ளையாண்டான் மட்டும் முகத்தைச் சுளித்தான்.

"சித்தப்பா, இது சீனச் சாப்பாடே இல்லை. சீனாவில் யாரும் இதைச் சாப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்களை அசல் சாப்பாட்டுக்கு அழைத்துப் போகிறேன்" என்றான்.

இன்று அமெரிக்காவில் படித்தவர்களிடையே இது ஒரு பெரிய மோகமாக இருக்கிறது. 'அசல்' எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு மைல் கணக்கில் பிரயாணம் செய்கிறார்கள். அசலைத் தேடும் முன் நகல் எப்படி வந்தது என்று பார்ப்பது நியாயம் அல்லவா?

1848-ல் கலிபோர்னியாவில் தங்கம் அகப்பட்டது. அடுத்த சில வருஷங்களில் தென் சீனாவிலுள்ள குவாங்டங் மாகாணத்திலிருந்து, அதிலும் முக்கியமாக டாய்ஷான் முதலிய நாலு ஜில்லாக்களிலிருந்து, ஆயிரக்கணக்கான ஆண்கள் ஹாங்காங்கில் கப்பலேறி வந்தார்கள். கலிபோர்னியாவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'தங்க மலை'. தங்கம் குறைந்ததும் ரெயில் பாதை போடும் வேலைக்குப் போனார்கள். அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைத்த ரெயில் பாதை 1869 மே 10-ந் தேதி பூர்த்தியாயிற்று. அதன் மேற்குப் பாதியில் மலையைக் குடைந்து பாலம் கட்டியவர்களில் பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சீனர்கள். மற்றக் கூலிகள் ஓடைத் தண்ணீரைக் குடித்து வயிற்றுக் கடுப்பில் படுத்தபோது, சீனர்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தேயிலை போட்டுக் குடித்துப் பிழைத்தார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள்.

பாதை முடிந்தது, நன்றியும் முடிந்தது. வெள்ளைக்காரர் பிழைப்பைச் சீனர்கள் கெடுக்கிறார்கள் என்று கூச்சல் கிளம்பிற்று. 1882-ல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டமே இயற்றினார்கள். 1885-ல் வயோமிங்கில் ராக் ஸ்பிரிங்ஸ் என்னும் நிலக்கரி ஊரில் 28 சீனர்களைக் கொன்று, அவர்கள் குடிசைகளையும் கொளுத்தினார்கள். சுரங்கத்தில் வேலை இல்லை, ஆலையில் வேலை இல்லை. மிஞ்சியவை இரண்டே தொழில்கள்: துணி வெளுப்பது, சமைப்பது. இரண்டும் பெண்பிள்ளை வேலை என்று வெள்ளைக்கார ஆண்கள் ஒதுக்கியவை. ஆகையால் போட்டி இல்லை. ஊரில் தாயாரும் மனைவியும் சமைத்துப் போட்டுச் சாப்பிட்ட ஆண்கள், கடல் கடந்து வந்து கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

இதிலும் ஒரு விசித்திரம் உண்டு. அந்தச் சட்டம் தொழிலாளரைத் தடுத்ததே ஒழிய வியாபாரிகளைத் தடுக்கவில்லை. 1915-ல் கோர்ட்டுத் தீர்ப்பு ஒன்றின் பயனாக, ஹோட்டல் முதலாளியும் வியாபாரியே என்று ஏற்பட்டது. உடனே உறவினர்கள் பலர் பணம் சேர்த்து ஹோட்டல் திறக்கலானார்கள். பங்காளிகள் முறை போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக நிர்வாகி ஆவார்கள். ஒரு வருஷ காலம் பாத்திரம் கழுவாமல் நிர்வாகம் மட்டும் பார்த்தால் ஊருக்குப் போய்த் திரும்பி வரவும், உறவினரை அழைத்து வரவும் அநுமதி கிடைக்கும். இப்படித்தான் அமெரிக்காவெங்கும் சீன ஹோட்டல்கள் பெருகின. சமையலில் ஆசை கொண்டு திறந்தவை அல்ல அவை. பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்காகத் திறந்தவை.

சட்டம் 1943-ல்தான் ரத்தாயிற்று. அப்பொழுதும் வருஷத்துக்கு 105 சீனர்களுக்கு மேல் இடமில்லை. நமக்கு மட்டும் ராஜோபசாரம் நடந்தது என்று எண்ண வேண்டாம். 1917-ல் இயற்றிய சட்டம் இந்தியரையும் தடுத்தது. அமெரிக்கச் சேனையில் பணிபுரிந்த பகத் சிங் திண்ட் என்னும் பஞ்சாபியருக்குக்கூடப் பிரஜா உரிமை கிடையாது என்று அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு 1923-ல் தீர்ப்புச் சொல்லிற்று. 1946-ல் வருஷத்துக்கு 100 இந்தியர் வரலாம் என்று பெரிய மனது பண்ணினார்கள்!

தன்னை வெறுக்கும் ஜனங்களுக்குச் சமைத்துப் போட்டுத்தான் வயிறு வளர்க்க வேண்டும் என்றால், சமையல்காரன் என்ன செய்வான்? அவர்களுக்கு அருவருப்பான எலும்பையும் தலையையும் நீக்கினான், இனிப்பைக் கூட்டினான், அவர்கள் கண்டறிந்த காய்களைப் போட்டான். அப்படி ஏற்பட்டதுதான் 'சாப் சூயி'. அந்தப் பெயருக்குக் காண்டன் பாஷையில் பலவகைத் துண்டு துணுக்குகள் என்று பொருள். 1896-ல் லீ ஹுங் சாங் என்ற சீன ராஜதந்திரி நியூயார்க்குக்கு வந்தபோது அவருடைய சமையல்காரர் அதைக் கண்டுபிடித்ததாக ஒரு கதை கட்டினார்கள். உண்மையில் அவர் வருவதற்கு முன்பே பத்திரிகைகளில் அந்தப் பெயர் அடிபட்டிருந்தது. ஆனால் கதை வியாபாரத்துக்கு உதவிற்று. ஸான் பிரான்ஸிஸ்கோவில் 1906-ம் வருஷத்துப் பூகம்பத்துக்குப் பிறகு சீனர் பேட்டையைத் திருப்பிக் கட்டியபோதும் இதே யுக்திதான். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் எப்படி எதிர்பார்ப்பார்களோ அப்படி, வெள்ளைக்காரச் சிற்பிகளைக் கொண்டு பகோடாக் கூரைகள் போட்டுக்கொண்டார்கள். இல்லாவிட்டால் பேட்டையையே ஊருக்கு வெளியே துரத்த நகரத்தார் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மன்ஹாட்டனிலிருந்து 7-ம் நம்பர் ரெயிலில் ஏறிக் கடைசி ஸ்டேஷன் வரையில் போனோம். அந்த இடத்துக்குப் பிளஷிங் என்று பெயர். படியேறித் தெருவுக்கு வந்தால் அமெரிக்காவைத் தொலைத்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்துவிடும். விளம்பரப் பலகைகளெல்லாம் சீன எழுத்தில். நடைபாதையில் காய்கறிக் குவியல். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகத் தொங்கும் வாத்துகள்.

1965-ல் ஜான்ஸன் ஜனாதிபதியாக இருந்தபோது குடியேற்றச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன் பிறகு தைவானிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும், பின்னர் சீனாவின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். சீனாவின் சமையலில் எட்டுப் பெரிய மரபுகள் உண்டு என்று அவர்கள் சொல்லுவது வழக்கம்: ஷாண்டங், ஸிசுவான், குவாங்டங், பூஜியன், ஜியாங்ஸு, ஜெஜியாங், ஹூனான், ஆன்ஹுயி. இவற்றில் ஏறக்குறைய நூறு வருஷ காலம் அமெரிக்கா அறிந்தது ஒன்றே ஒன்றின் நிழலைத்தான். தமிழ்நாட்டிலிருந்து ஒரே ஒரு தாலுகாக்காரர் போய்க் கடை போட்டு, அவர் ஊர்க் குழம்பையும் சர்க்கரை சேர்த்து விற்று, அதுதான் இந்திய போஜனம் என்று உலகம் நம்பினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

பிளஷிங்கில் நிலவறை ஒன்றில் உள்ள சாப்பாட்டு அங்காடிக்குள் இறங்கினோம். அகலம் இரண்டு பாகம் இருக்கும் ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு மாகாணம். ஒரு கடையில் வடகிழக்குச் சீனாவின் கொழுக்கட்டைகள் ஆவியில் வெந்தன. இன்னொன்றில் லான்ஜௌ நகரத்து ஆள் ஒருவர் மாவுத் திரளை இரு கைகளால் இழுத்து, மடித்து, மறுபடியும் இழுத்து, நாம் எண்ணி முடிப்பதற்குள் நூல் நூலாக ஆக்கிவிட்டார். மேற்குச் சீனாவின் புராதன நகரமான ஸியான் நகரத்தார் ஒருவர் 2005-ல் இதே பேட்டையில் ஒரு நிலவறையில் ஆரம்பித்த சிறு கடை, இன்று 'ஸியான் பேமஸ் புட்ஸ்' என்ற பெயரில் நியூயார்க் நகரில் பல கிளைகளாக வளர்ந்திருக்கிறது. அங்கே சீரகமும் மிளகாயும் போட்ட ஆட்டிறைச்சியைப் பட்டையான நூடுல்ஸில் கலந்து தருகிறார்கள். அந்த நூடுல்ஸுக்கு 'பியாங் பியாங்' என்று பெயர். 'பியாங்' என்ற ஒரே எழுத்தை எழுத ஐம்பதுக்கு மேற்பட்ட கோடுகள் போட வேண்டுமாம். நம்முடைய மாணாக்கர்கள் 'ஞௌ' எழுதுவதற்கு அழுவதை நினைத்துக்கொண்டோம்.

ஸிசுவான் கடையில் தோஃபு வாங்கிச் சாப்பிட்டோம். நாலைந்து கவளம் உள்ளே போனதும் உதடும் நாக்கும் மரத்து, மெல்லிய மின்சாரம் பாய்ந்தாற்போல் விறுவிறுத்தன. அது மிளகாயின் வேலை அல்ல; ஸிசுவான் மிளகு என்ற ஒரு கொட்டையின் தோலின் வேலை. கொங்கணக் கரையில் மீன் குழம்பில் சேர்க்கும் திர்பல் இதன் தாயாதி. இந்த மிளகை 1968 முதல் 2005 வரை அமெரிக்காவுக்குள் இறக்குமதி செய்யக்கூடாது என்று சர்க்கார் தடை செய்திருந்தார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு ஒரு நோயைக் கொண்டுவந்துவிடும் என்ற பயம்! பிறகு சூடு காட்டிப் பதப்படுத்தினால் போதும் என்று விட்டுக்கொடுத்தார்கள். ஆக, தடை இருந்த வரையில் சட்டப்படி நடக்க நினைத்த சமையல்காரருக்கு அசல் ஸிசுவான் சமையலே சாத்தியமில்லாமல் இருந்தது.

"இப்பொழுது சொல்லுங்கள் சித்தப்பா, எது அசல்?" என்று ஜயித்துவிட்ட தோரணையில் கேட்டான் நம் பையன்.

அவன் கேள்விக்கு விடை சொல்லுவது அவ்வளவு எளிதாக இல்லை. தெருக்கோடிக் கடையில் நாம் சாப்பிட்ட கோழிக்கு 'ஜெனரல் சோவின் கோழி' என்று பெயர். ஸோ ஜொங்டாங் (1812-1885) என்பவர் ஹூனான் மாகாணத்தில் பிறந்த மெய்யான சேனாதிபதி. ஆனால் அந்தக் கோழியை அவர் கண்டதும் இல்லை, உண்டதும் இல்லை. அதே மாகாணத்துச் சமையல் கலைஞர் பெங் சாங்-குவெய், 1949-ல் தைவானுக்கு அகதியாகப் போய், அங்கே 1950-களில் புதிதாகச் சமைத்து, ஊர் நினைவில் ஊர்ச் சேனாதிபதியின் பெயரை வைத்தார். அப்போது அதில் காரமும் புளிப்பும் உப்பும் இருந்தன, சர்க்கரை இல்லை. நியூயார்க்கின் சமையல்காரர்கள் 1970-களின் தொடக்கத்தில் அதைக் கொண்டுவந்து, மொறுமொறுப்பும் இனிப்பும் சேர்த்தார்கள். பிற்பாடு பெங் நியூயார்க்குக்கு வந்து கடை திறந்தபோது, அவருடைய பதார்த்தத்தின் பெயர் அவருக்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்திருந்தது! 1990-ல் ஹூனானுக்கே திரும்பிப் போய்ச் சாங்ஷா நகரத்தில் கடை வைத்துப் பார்த்தார். உள்ளூர் ஜனங்கள், "மிகவும் தித்திக்கிறது" என்று ஒதுக்கிவிட்டார்கள். கடை நீடிக்கவில்லை. தொண்ணூற்றெட்டு வயது வரையில் வாழ்ந்து 2016-ல் தைவானில் காலமானார். ஊரை இழந்த ஒருவரின் ஏக்கத்தில் பிறந்த பதார்த்தத்தை, அசல் அல்ல என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாமா?

இன்னொரு கதையும் உண்டு. மிஸூரி மாகாணத்தில் ஸ்பிரிங்பீல்டு என்று ஓர் ஊர். டேவிட் லியாங் என்னும் சீனர் அங்கே 1963-ல் ஹோட்டல் திறக்க முனைந்தார். இரண்டாம் உலக மகாயுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாயாக நார்மண்டியில் போரிட்டவர் அவர். அப்படியிருந்தும், திறப்பதற்கு முன் யாரோ கடை வாசலில் டைனமைட் வெடி வைத்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. அந்த ஊரார் பொரித்த கோழியில் பிரியமுள்ளவர்கள் என்று கண்டு, அதன்மேல் சிப்பிக் குழம்பை ஊற்றி முந்திரிப் பருப்பைத் தூவிக் கொடுத்தார். நாளடைவில் வெடி வைத்த ஊரே அதைத் தன் சொந்தச் சமையல் என்று பெருமை பேசத் தொடங்கிற்று. இன்று 'ஸ்பிரிங்பீல்டு முந்திரிக் கோழி' என்பது மிஸூரியின் பிராந்தியச் சமையல். ஸிசுவானுக்கு ஸிசுவான் மிளகு எப்படியோ, அப்படி.

பழைமையைக் கொண்டு அசலைத் தீர்மானிக்கலாம் என்றால் அதுவும் சங்கடந்தான். ஸிசுவான் சமையலின் உயிர்நாடி மிளகாய். மிளகாய் சீனாவில் விளைந்தது அல்ல. அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஐரோப்பியக் கப்பல்கள் வந்த பிறகே ஆசியாவுக்கு வந்தது. நம் தமிழ்நாட்டுக்கும் அப்படித்தான் வந்தது. மிளகைத் தெரிந்தவர்கள் வந்த விருந்தாளிக்கு மிளகாய் என்று பெயர் வைத்து வீட்டோடு சேர்த்துக்கொண்டார்கள். மிளகாய் இல்லாத சாம்பார்தான் அசல் என்று யாராவது சொன்னால் நம் பெண்மணிகள் சும்மா விடுவார்களா?

ஆகவே நாம் கண்ட வித்தியாசம் இதுதான். பிளஷிங் சமையல்காரர் தமக்குப் பிடித்ததைச் சமைக்கிறார். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அவர் தேசத்தார். தெருக்கோடிச் சமையல்காரர் பிறருக்குப் பிடித்ததைச் சமைக்கிறார். சுற்றிலும் அவர் பாஷை பேச ஒருவரும் இல்லை. 1980-களிலிருந்து இப்படிப்பட்ட கடைகளில் வேலை செய்ய வந்தவர்களில் மிகப் பலர் பூஜியன் மாகாணத்து ஏழைகள். 1993 ஜூன் 6-ந் தேதி 286 பேருடன் 'கோல்டன் வென்சர்' என்னும் கள்ளக் கப்பல் நியூயார்க் கரையில் தரை தட்டிற்று. நள்ளிருளில் குளிர்ந்த கடலில் குதித்தவர்களில் 10 பேர் மாண்டார்கள். பிழைத்தவர்களும் அவர்களைப் போன்றவர்களும் மன்ஹாட்டன் சீனர் பேட்டையில் பஸ் ஏறி, பெயர் வாயில் நுழையாத ஊர்களுக்குப் போய், வாரத்தில் ஆறு நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் அடுப்படியில் நின்றார்கள். அவர்கள் வீட்டுக்குள் சமைத்துச் சாப்பிட்டது வேறு. மேஜைக்கு மேல் படமாகத் தொங்கியது வேறு. 2020-ன் ஆரம்பத்தில் கொரோனா நோய்ச் செய்தி பரவியபோது, முதலில் ஜனங்கள் ஒதுங்கி நின்றதும் இவர்கள் கடைகளைக் கண்டுதான்.

இவர்களுடைய பிள்ளைகள் படித்து டாக்டர்களாகவும் என்ஜினீயர்களாகவும் போகிறார்கள். வாரிசு இல்லாமல் பல கடைகள் மூடப்படுகின்றன. அதைப்பற்றிப் பெற்றோர்கள் துக்கப்படுவதாகத் தெரியவில்லை. பிள்ளைகள் அந்தக் கரண்டியைப் பிடிக்கக்கூடாது என்பதற்காகத்தானே அதை அவர்கள் பிடித்தார்கள்!

அசலைத் தேடுவது தவறல்ல. நல்ல ரஸிகன் தேடத்தான் வேண்டும். பல மாகாணத்துச் சமையலையும் தலைநிமிர்ந்து விற்கும் காலம் சீனர்களுக்கு அமெரிக்காவில் வந்திருப்பது சந்தோஷமான விஷயம். ஆனால் அந்தக் காலம் வரும் வரையில் இனிப்புக் குழம்பைக் கிண்டி இடத்தைக் காத்து வைத்தவர்களை நகல்காரர்கள் என்று பரிகசிப்பது தர்மமாகாது. அமெரிக்காவுக்குப் போகும் நேயர்கள் பிளஷிங்குக்கு அவசியம் போக வேண்டும். தெருக்கோடிக் கடையிலும் ஒரு பெட்டி வாங்கிச் சாப்பிட வேண்டும். சற்றுத் தித்திக்கத்தான் செய்யும், பாதகமில்லை.